மைனஸ் எண்ணூற்றைம்பது

வேலைக்குச் சேர்ந்த அன்று
மைனஸ் எண்ணூற்றைம்பது என்றார் எபிநேசர் சார்.
எண்ணூர் போகும் பஸ் நம்பரோ என்று நினைத்தேன்.
மில்லிவோல்ட்டுப்பா, என்றார்,
மைனஸில் அதற்குக் கீழே குறைந்தால்
இரும்பு மண்ணாக ஆரம்பிக்கும்,
நீ தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

மணலியிலிருந்து தண்டையார்பேட்டைக்கு
ஓர் ஆள் ஆழத்தில் போகிறது குழாய்.
ஒரு வாரம் பெட்ரோல், ஒரு வாரம் டீசல்.
மேலே கறிக்கடை, ரேஷன் வரிசை, மாதா கெபி,
பிளாஸ்டிக் குடம் அடுக்கிய சந்துகள்,
சரக்கு ரயிலுக்குக் காத்துநிற்கும் கொருக்குப்பேட்டை கேட்.
அதன்மேல் நடப்பவன் நான்.
ஒரு கையில் மீட்டர், ஒரு கையில் மயில்துத்தக் குடுவை.
மண்ணில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குடுவையை ஊன்றி
கம்பத்து ஒயரில் மறுமுனையை மாட்டினால்
கீழே இருப்பது ஓர் எண்ணாக மேலே வரும்.

எண்ணெய் கசிவதற்குப் பல வருடம் முன்பே
மின்சாரம் கசியத் தொடங்கிவிடுகிறது.
யாருக்கும் ஷாக் அடிக்காது, அத்தனை கொஞ்சம்.
பூச்சு உரிந்த இடம் தேடி உப்புத்தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ள
இரும்பு தன்னைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.
அதனால்தான் பக்கத்தில் சாக்குப்பையில் கட்டி
மக்னீசியத்தைப் புதைத்து வைக்கிறார்கள்,
குழாய்க்குப் பதிலாக அது கரையட்டும் என்று.
கரைந்து முடிந்ததா என்று தோண்டிப் பார்ப்பதில்லை.
எண்ணைத்தான் பார்ப்பது.

நாற்பத்தொன்றாம் கம்பத்தின்மேல்
ஒரு பிரியாணி வண்டி நின்றது.
மூன்று மணிக்குமேல வாண்ணே, தேக்சா காலியாகட்டும், என்றான்.
வெயில். இன்னும் ஒன்பது கம்பம் பாக்கி.
போன மாதம் எண்ணூற்று எழுபத்தொன்று.
அதையே எழுதினால் சந்தேகம் வரும்,
இரண்டைக் குறைத்து
எண்ணூற்று அறுபத்தொன்பது என்று எழுதினேன்.
அடுத்த மாதம் அறுபத்தாறு.
அதற்கடுத்த மாதம், நம்பும்படி இருக்க,
மறுபடி அறுபத்தெட்டு.

ஐப்பசியில் ஷர்புன்னிசா வீட்டு அடிபம்பில்
வாசம் வந்தது.
மெக்கானிக் கடைக்காரனைத் தெருவே திட்டியது.
அவன் கடையைப் பூட்டிய பிறகும் வந்தது.
பொடிப்பயல் ஒருவன் பக்கெட்டில்
கொளுத்திய காகிதத்தைப் போட்டான்.
தண்ணீர் எரிந்தது,
கரி பிடிக்காத கேஸ் அடுப்பு மாதிரி, நீலமாக.
ஷர்புன்னிசா அலறவில்லை.
ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துவிட்டு
குழந்தைகளை எண்ணினாள்.

கடப்பாரை கூடாது, பொறி பறக்கும் என்று
மரக்கைப் பலகையாலும் கையாலும் தோண்டினார்கள், ஏழு நாள்.
எட்டாம் நாள் குழாயின் அடிவயிற்றில் ஓட்டை.
மிளகளவு.
அளவு தெரிய ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் பிடித்து
இன்ஜினியர் போட்டோ எடுத்தார்.
காசு பெரிதாக இருந்தது.

பிறகு ரெஜிஸ்டர் கேட்டார்கள்.
விரலை வரிவரியாக நகர்த்தி
என் கையெழுத்தின்மேல் நிறுத்தி,
ரீடிங் எல்லாம் சரியாத்தானே இருக்கு,
அப்ப மெட்ரோவாட்டர்க்காரன் பள்ளம் தோண்டினப்ப
கீறியிருப்பான், என்றார்.
எபிநேசர் சார் என்னைப் பார்த்தார்.
நான் பிரியாணி வண்டி நின்ற இடத்தைப் பார்த்தேன்.
நான்கு டயர்த் தடம், கொஞ்சம் சோறு, காக்கை.

வெல்டிங் முடிந்து மண் மூடிய மறுநாள்
அதே தெருவில் நடந்தேன்.
இந்தாப்பா மிஷின்காரரே,
இதுலயும் வெச்சுப் பாரு, என்று
பம்பு அடித்துப் பக்கெட்டை முன்னால் வைத்தாள்.
இதில் வைப்பதல்ல இது, அக்கா, என்று
சொல்லியிருக்கலாம்.
குடுவையைத் தண்ணீரில் நிறுத்தினேன்.
மறுமுனையை மாட்ட இரும்பில்லை.
விரல்களால் பிடித்துக்கொண்டேன்.
எண்கள் வந்தன, போயின,
ஏறின, இறங்கின.

எவ்ளோ காட்டுது?

நிக்கவே மாட்டேங்குதுக்கா.

நிக்கிறப்ப எழுதிக்கோ, என்று
இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு
லாரித் தண்ணீர் வரிசைக்குப் போனாள்.